நடுக்கடலில் எஞ்சின் பழுதானால்: அறிகுறி பார்த்துக் கரை சேரும் வழி

இந்தக் குறிப்பு ஃபைபர் படகில் ஒற்றை அவுட்போர்ட் எஞ்சினோடு தொழிலுக்குப் போகிறவர்களுக்காக. வட இலங்கையில் கிழக்கே கொக்கிளாய், நாயாறு, அளம்பில், முல்லைத்தீவு, சாலைப் பக்கம்; மேற்கே நாச்சிக்குடா, வலைப்பாடு, இரணைதீவுப் பக்கம். நான் எஞ்சின் திருத்துகிறவன். கடலில் நின்றுபோய்க் கட்டி இழுத்து வருகிற எஞ்சின்களைத் திறந்தால் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கோளாறுதான். அவற்றில் பலதை அங்கேயே கையிலிருக்கும் சாவியோடு சரிசெய்திருக்கலாம். சிலதை அங்கே தொட்டே இருக்கக் கூடாது. தொட்டதால்தான் செலவு பெருத்திருக்கும். போனில் கூப்பிடுகிறவர்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படியே தலைப்புகளை வைத்திருக்கிறேன். உங்கள் அறிகுறியைத் தேடி அங்கே நேரே போங்கள். ஆனால் அதற்கு முன்னம் அடுத்த பகுதியை எல்லோரும் வாசிக்க வேண்டும்.

## மூடியைத் திறக்க முன்னம்

எஞ்சின் நின்றதும் படகிலுள்ள அத்தனை பேரும் பின்னுக்குக் குவிவார்கள். பாரம் பின்னுக்குப் போகும், படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பும், பின்பலகைக்கு மேலால் தண்ணீர் ஏறும். எஞ்சின் நின்றதற்காகப் படகு கவிழ்வதில்லை, இப்படிக் குவிவதால்தான் கவிழும். பின்னால் ஒருவர் மட்டும் நிற்கட்டும். மற்றவர் அணியத்துக்கு (படகின் முன்பக்கத்துக்கு) போய் நங்கூரத்தை விடட்டும். உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

நங்கூரக் கயிறு எட்டாத ஆழம் என்றால் ஒரு வலையைச் சுருட்டிக் கட்டியோ, இரண்டு மூன்று வாளிகளைக் கோத்தோ அணியத்திலிருந்து நீளக் கயிற்றில் கடலில் விடுங்கள். படகு முகத்தை அலைக்குக் கொடுத்து நிற்கும். காற்று அள்ளிக்கொண்டு போகும் வேகமும் குறையும்.

அப்புறம் காற்று. முல்லைத்தீவுப் பக்கத்தில் சோளக (தென்மேற்குக் காற்று) காலத்தில் நிற்கிறீர்கள் என்றால் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கடல் தட்டையாக, அமைதியாகத் தெரியும். அதை நம்பி ஒரு மணித்தியாலம் எஞ்சினோடு மல்லுக்கட்டினால் கரை கண்ணுக்கு மறைந்துவிடும். அந்தக் காலத்தில் நங்கூரம் உடனே போக வேண்டும், போனும் உடனே போக வேண்டும். வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் இதற்கு நேர்மாறு. காற்று கரைக்குத் தள்ளும், ஆனால் தள்ளிக்கொண்டு போவது உடையும் அலைக்குள். மேற்குப் பக்கத்தில் ஆழம் குறைவு, நங்கூரம் பிடிக்கும். அங்கே வேறொரு பயம் இருக்கிறது: இரவில் வெளிச்சமில்லாமல் நிற்கும் சிறிய படகை இழுவைமடிப் படகு (டிரோலர்) காணாது. ரோச்சை எரியவிட்டு வையுங்கள்.

மூன்றாவதாகத்தான் போன். சிக்னல் இருக்கும்போதே பக்கத்துப் படகுக்கும் கரைக்கும் சொல்லுங்கள். எங்கே நிற்கிறீர்கள், எத்தனை பேர், எஞ்சின் என்ன செய்கிறது, அவ்வளவு போதும். "பார்த்துவிட்டுச் சொல்லுவோம்" என்று வைத்திருக்காதீர்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். ரேடியோ உள்ளவர்களுக்கு 16ஆம் அலைவரிசை.

விமானிகளுக்கும் இந்த வரிசையைத்தான் பழக்குகிறார்கள்: முதலில் விமானத்தைப் பறக்க வை, பிறகு எங்கே நிற்கிறாய் என்று பார், அதற்குப் பிறகு கதை. 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 விமானத்தில், ஏறிய சில நிமிடங்களிலேயே நான்கு எஞ்சினில் ஒன்று சிதறியது. உள்ளே ஒயில் குழாய் ஒன்று வெடித்து நெருப்புப் பிடித்து, டர்பைன் தட்டு உடைந்து, துண்டுகள் இறக்கையைத் துளைத்து வயர்களை அறுத்தன. விமானத்தில் 469 பேர். கப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினியும் கூட இருந்த விமானிகளும் விழுந்தடித்துத் தரைக்கு ஓடவில்லை. விமானத்தை நிலையாகப் பறக்கவிட்டு, ஐம்பது நிமிடமளவு பழுதுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே சிங்கப்பூருக்குத் திரும்பி இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. பழுதானவற்றை எண்ணிக்கொண்டிருப்பதை விட்டு, இன்னும் வேலை செய்கிறவை எவை என்று எண்ணத் தொடங்கியதாக அந்தக் கப்டன் பின்னர் சொன்னார். அவரிடம் இன்னும் மூன்று எஞ்சின் இருந்தது, எங்களிடம் இல்லை. ஆனாலும் எண்ண வேண்டியவை படகில் உண்டு: நங்கூரம், கயிறு, துடுப்பு, தறப்பாள், குடிதண்ணீர், போனில் மிச்சமிருக்கும் சார்ஜ். எண்ணிப் பார்த்தால் மனம் ஒரு நிலைக்கு வரும். பிறகு எஞ்சின் மூடியைத் திறக்கலாம்.

## "சட்டெண்டு நிண்டிட்டுது"

சுவிச்சை அணைத்தது போல நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம்தான். ஓட்டியின் கையில் மாட்டும் சிவப்புச் சுருள் கயிற்றை முதலில் பாருங்கள். வலை இழுக்கும் அவசரத்தில் யாரோ தட்டி கிளிப் கழன்றிருக்கும். அடுத்தது நிறுத்தும் பொத்தான். உப்பேறி உள்ளேயே சிக்கி நிற்கும். பலமுறை அமுக்கி விட்டுப் பாருங்கள். பிறகு மூடியைத் திறந்து பிளக் மூடி கழன்றிருக்கிறதா, வயர் எங்கேனும் உரஞ்சி வெட்டுப்பட்டிருக்கிறதா, உள்ளே தண்ணீர் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த துணியால் துடைத்து இறுக்கி மாட்டுங்கள்.

இதெல்லாம் சரி, இன்னும் பற்றவில்லை என்றால் ஸ்டார்ட் கயிற்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். வழமையான இறுக்கத்தோடு சுற்றினால் கொயில் அல்லது அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி போயிருக்கலாம். கடலில் அதற்கு மருந்தில்லை, இழுத்து வரச் சொல்லுங்கள். கயிறு அசையவே மறுத்தால் "அடிச்சத்தம்" பகுதிக்குப் போங்கள்.

## "இருமி இருமி நிண்டது"

வேகம் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி நின்றால் எண்ணெய் (பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய்) வரவில்லை. எண்ணெய்த் தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? அடுத்தது எண்ணெய் மட்டம், அதற்கடுத்தது குழாய். பெட்டிக்கடியில் குழாய் மடிந்து கிடப்பதும், எஞ்சினில் மாட்டும் முனை பாதி கழன்று காற்று இழுப்பதும் அடிக்கடி நடப்பவை.

மிச்சத்தைக் கையால் அமுக்கும் ரப்பர் குமிழே சொல்லிவிடும்.

குமிழ் சப்பையாகவே கிடந்து எழும்பவில்லை: தாங்கிப் பக்கம் அடைப்பு. காற்றுத் திருகு, அல்லது தாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலை.

அமுக்க அமுக்க மெத்தென்றே இருக்கிறது, இறுகவில்லை: எங்கோ காற்று இழுக்கிறது. இணைப்புகளை இறுக்குங்கள். குழாய் வெடித்திருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி செருகுங்கள்.

கல் போல இறுகி நிற்கிறது, எஞ்சினுக்கு மட்டும் போகவில்லை: எஞ்சினுக்குள் இருக்கும் பில்டர் அல்லது காபரேற்றர்.

பில்டர் கிண்ணத்தைக் கழற்றி எண்ணெயை வெறும் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக, கோடு போட்டது போல் நிற்கும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போன பிறகு, கிடைத்த நேரம் வாங்கிக் கான்களில் சேர்த்துவைப்பது கூடிவிட்டது. அப்படி வைத்த கானின் அடியில் நீர் கோத்து நிற்கும். கடைசிச் சொட்டு வரை கவிழ்த்து ஊற்றினால் அது நேரே எஞ்சினுக்குத்தான். கடலில் இது நேர்ந்தால் கிண்ணத்தைத் துடைத்து, காபரேற்றர் அடித் திருகைத் தளர்த்தி வடியவிட்டு, வேறு கானிலிருந்து எடுங்கள். வேறு கான் இல்லையென்றால் தாங்கியை அசைக்காமல் கொஞ்ச நேரம் விட்டு, மேல் எண்ணெயை மட்டும் எடுங்கள். வடிந்ததைச் சிந்தவிடாமல் போத்தலில் பிடியுங்கள். பீடி, சிகரெட் கிட்ட வரவே கூடாது.

மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வலை வாங்கும்போது மெதுவாக நெடுநேரம் மண்ணெண்ணெயில் ஓட்டினால் பிளக் கரியேறும். அந்த நேரத்துக்குப் பெற்றோலுக்கு மாற்றுங்கள். நிறுத்த முன்னமும் கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓடவிட்டு நிறுத்தினால்தான் அடுத்த முறை கயிற்றுக்குப் பற்றும்.

## "தண்ணி வருகுதில்லை"

எனக்கு மிகவும் கவலை தருகிற அறிகுறி இது. இந்த நிலையிலும் எஞ்சின் நன்றாகவே ஓடும். அதனால் கவனிக்க மாட்டார்கள்.

எஞ்சின் ஓடும்போது பக்கத்தால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீச்சும். உள்ளே குளிர்த்தும் தண்ணீர் சுற்றுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அது மெலிந்தாலோ, நின்றாலோ, ஆவியாக வந்தாலோ வேகத்தைக் குறைத்து உடனே நிறுத்துங்கள். கரை தெரிகிறது, ஓடிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

எஞ்சினைத் தூக்கி, தண்ணீர் உறிஞ்சும் வாயைப் பாருங்கள். பொலித்தீன் பை ஒட்டியிருக்கும். மேற்கே என்றால் சாதாளையும் (கடற்புல்) சேறும். எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் தாரை வரும். வரவில்லை, ஆனால் எஞ்சின் சூடாகவும் இல்லை என்றால் பீச்சும் துவாரமே உப்பாலும் மணலாலும் அடைத்திருக்கலாம். மெல்லிய கம்பியோ கெட்டியான தூண்டில் நூலோ விட்டுக் குத்துங்கள். வெள்ளைப் பொருக்கு உதிர்ந்து, தண்ணீர் பாயும்.

இரண்டும் இல்லையென்றால் பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெலர். நல்ல இம்பெலரின் இதழை விரலால் மடக்கினால் துள்ளி நிமிரும். கிழடான இதழ் ஒரு பக்கம் சாய்ந்தபடியே கிடக்கும், அடியில் வெடிப்புத் தெரியும், கொஞ்சம் மடக்கினால் கையோடு வந்துவிடும். இதைக் கடலில் மாற்ற முயலாதீர்கள். கீழ்க் காலையே கழற்ற வேண்டிய வேலை, ஒரு போல்ட்டு கடலில் விழுந்தால் முடிந்தது.

எஞ்சின் சூடேறி நிற்கிறதென்றால் கடல் தண்ணீரை அள்ளி மேலே ஊற்றவே வேண்டாம். கொதிக்கும் வார்ப்பு வெடித்துவிடும். மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள், அரை மணித்தியாலமாவது. பிறகு ஸ்டார்ட் கயிற்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் நல்லது. வேறு வழியே இல்லாமல், அலைக்குள் தள்ளப்படுகிற ஆபத்தில் மட்டும், ஆகக் குறைந்த வேகத்தில் ஓரிரு நிமிடம் ஓட்டலாம். பிறகு நிறுத்தி ஆறவிட வேண்டும். இது எஞ்சினைப் பணயம் வைத்து ஆளைக் காக்கும் வழி. வேறு படகு வருகிறதென்றால் இதைச் செய்ய வேண்டாம்.

கரைக்கு வந்ததும் புது இம்பெலர் போடுகிறவர் பழையதன் உடைந்த இதழ்களை ஒன்றுவிடாமல் தேடி எடுத்தாரா என்று கேளுங்கள். உடைந்த துண்டு தண்ணீரோடு மேலே போய் எஞ்சின் பாதையில் அடைத்து நிற்கும். புது இம்பெலர் போட்டும் இரண்டாம் கிழமை மறுபடி சூடேறி வருகிற எஞ்சின்களில் இதைக் கண்டிருக்கிறேன். மணல் கரைத் தொழிலுக்கு இம்பெலரை வருடத்துக்கொரு முறை மாற்றிவிடுவது மலிவு. இன்னொன்று: கரையில் தண்ணீரில்லாமல் "ஒருக்காப் பற்றிப் பார்ப்பம்" என்று ஓட்டாதீர்கள். சில நொடி போதும், ரப்பர் கருகிவிடும்.

## "எஞ்சின் கத்துது, வள்ளம் போகுதில்லை"

எஞ்சினை நிறுத்துங்கள், சிவப்புக் கயிற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள், அதற்குப் பிறகே விசிறியில் கை வையுங்கள். கியரில் கிடக்கும் விசிறியைக் கையால் திருப்பினால் எஞ்சின் ஒரு சுற்றுப் பற்றக்கூடும். விரல் போவது இப்படித்தான்.

வலையோ தங்கூசி (நைலோன்) நூலோ சுற்றியிருந்தால் சுற்றின எதிர்ப்பக்கமாகத் திருப்பி எடுங்கள். வெட்டத்தான் வேண்டுமென்றால் கத்தியை விசிறியின் அச்சுக்குச் சமாந்தரமாகப் பிடித்து வெட்டுங்கள், அச்சின் ரப்பர் சீலில் படக் கூடாது. சின்ன எஞ்சின்களில் விசிறியைப் பிடிக்கும் ஆணி முறிந்திருக்கும். கல்லில் அடிபட்டால் கியர் போகாமல் தான் முறிவதற்கென்றே வைத்த மெல்லிய ஆணி அது. மாற்று ஆணி இரண்டை மூடிக்குள் ஒட்டி வையுங்கள். கடினமான இரும்பை வெட்டிப் போட்டு ஓட்டுகிறவர்கள் அடுத்த அடிக்குக் கியரையே கொடுக்க வேண்டிவரும்.

பெரிய எஞ்சின்களில் ஆணி இல்லை, விசிறிக்குள் ரப்பர் கட்டை உண்டு. அது வழுக்கினால் வேகம் கொடுக்கும்போது கத்தும், மெதுவாக விட்டால் இழுக்கும். பிடிக்கிற அந்த மெதுவான வேகத்திலேயே கரைக்கு வாருங்கள். விசிறி சுற்றவே இல்லை, அல்லது கீழே அரைபடும் சத்தம் என்றால் கியர். நிறுத்தித் தூக்கிவிட்டு, இழுவைக்குக் காத்திருங்கள்.

## "அடிச்சத்தம் கேக்குது, நடுங்குது"

முதலில் எஞ்சினைப் பின்பலகையில் பிடிக்கும் இரண்டு திருகுகளும் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்தது விசிறி இதழ். வளைந்திருந்தால் நடுக்கம் வேகத்தோடு கூடும், குறைத்தால் அடங்கும். அடங்குகிற வேகத்தில் வாருங்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு பிளக் செத்தாலும் வலு குறைந்து ஆடும். பிளக்கை மாற்றுங்கள். மாற்றுப் பிளக் இல்லையென்றால் மற்றச் சிலிண்டரோடு மெல்ல வந்து சேரலாம்.

உலோகம் உலோகத்தில் அடிக்கும் சத்தம், அல்லது எஞ்சின் தானாக வேகம் இறங்கி இறுகி நின்று கயிறு இழுபடவில்லை என்றால் அது பிஸ்டன் பிடித்தது அல்லது உள்ளே உடைந்தது. இரண்டு பேர் சேர்ந்து கயிற்றை இழுக்காதீர்கள். ஆறிய பிறகு தானாக விட்டுக் கொடுத்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கீறு விழுந்த சிலிண்டரைக் கடைந்து எடுக்கலாம். உடைந்த தடி வெளியே குத்தினால் எஞ்சினே போய்விடும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இதற்குக் காரணம் அனேகமாக ஒயில் குறைத்து ஊற்றியதுதான். பெற்றோலுக்குப் பல எஞ்சின்களில் 50க்கு 1, அதாவது 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். உங்கள் எஞ்சினுக்கான அளவைப் புத்தகத்தில் பார்த்துத் தாங்கியிலேயே எழுதி வையுங்கள்.

## "எவ்வளவு இழுத்தும் பத்துதில்லை"

பிளக்கைக் கழற்றுங்கள். எண்ணெயில் நனைந்திருந்தால் மிதமிஞ்சிப் போய்விட்டது. துடைத்து, பிளக் இல்லாமல் கயிற்றைச் சில தடவை இழுத்து வெளியேற்றி, மறுபடி மாட்டி, சோக் இல்லாமல் இழுங்கள். உலர்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை, மேலே "இருமி" பகுதி. கரியேறியிருந்தால் மாற்றுங்கள். கை ஓயும்வரை இழுத்துக்கொண்டிருப்பதால் ஒன்றும் நடவாது.

## "எஞ்சின் கடலுக்குள்ள விழுந்திட்டுது"

எடுத்தவுடன் வெயிலில் காயவைப்பதுதான் எல்லோரும் செய்வது. அதுதான் எஞ்சினைக் கொல்வது. காற்றுப் பட்டதும் உள்ளே துரு பிடிக்கத் தொடங்கும். நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பிளக்கைக் கழற்றி, துவாரம் கீழே பார்க்கப் பிடித்து மெல்லச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். துவாரத்துக்குள் ஒயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்திருந்தால், அல்லது சுற்றும்போது மணல் அரைபட்டால், அதற்கு மேல் சுற்றவே வேண்டாம். அன்றைக்கே மெக்கானிக்கிடம் போக வேண்டும். உடனே கொண்டுபோக வழியில்லையென்றால் நல்ல தண்ணீர் நிறைந்த பீப்பாவுக்குள் அமிழ்த்தி வையுங்கள், காற்றில் விடுவதைவிட அது மேல்.

## திரும்பி வரும்போது

இழுத்து வருகிறார்கள் என்றால் கயிற்றை அணியத்து வளையத்தில் கட்டுங்கள். நீளமாக விடுங்கள். பழுதான எஞ்சினைத் தூக்கி வையுங்கள், ஆட்கள் பின்னுக்கு இருங்கள், இழுக்கிறவர் மெதுவாக வரட்டும்.

எஞ்சின் ஓடுகிறது ஆனால் நம்பிக்கையில்லை என்றால் புறப்பட்ட வாடிக்கே (கரையிலுள்ள மீன்பிடிக் கொட்டிலுக்கே) போக வேண்டும் என்றில்லை. காற்றுக்கு வசதியான, அலை குறைந்த, ஆட்கள் நிற்கும் கரைக்குப் போங்கள். கார்த்திகை, மார்கழியில் பழுது எஞ்சினோடு உடையும் அலைக்குள் நுழைவதை நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். அலைக்கு நடுவில் எஞ்சின் ஒரு தடவை இருமினால் படகு குறுக்கே திரும்பிவிடும். மழை வெள்ளத்தோடு வெட்டித் திறந்திருக்கும் நாயாறு, கொக்கிளாய், வட்டுவாகல் முகத்துவாரங்களிலும் இதே கதைதான். வெள்ளம் வெளியே தள்ளும், அலை உள்ளே தள்ளும், நடுவில் மணல் திட்டு. அலை உடைகிற கோட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டு நில்லுங்கள். கரையிலிருந்து வேறு படகு வரட்டும், அல்லது மிதவையில் கயிறு கட்டி விட்டு ஆட்கள் பிடித்து இழுக்கட்டும். பொழுது பட்டுவிட்டால் விடியும்வரை நிற்பது உத்தமம். குடிதண்ணீரும் தறப்பாளும் இதற்குத்தான்.

கரைக்கு வந்ததும் மெக்கானிக்குக் காட்டவென்று ஸ்டார்ட் செய்யாதீர்கள். எந்த வேகத்தில் ஓடும்போது நின்றது, நிற்க முன்னம் சத்தம் மாறியதா, தண்ணீர் பீச்சியதா, கடைசியாக எண்ணெய் எங்கே அடித்தீர்கள் என்று சொல்லுங்கள். பில்டரிலிருந்து வடித்த போத்தலையும், கழற்றிய பிளக்கையும், உடைந்த துண்டுகளையும் எஞ்சினோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள்.